வளர்த்த பிள்ளையா, வாங்கின பிள்ளையா: ஜெர்ஸிக் கடையில் கேட்ட கேள்விகள்

காரைக்குடியில் ஜெர்ஸிக்குப் பெயரும் எண்ணும் ஒட்டிக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. திருப்பூரிலிருந்து மொத்தமாக வரும் சட்டைகள், ஒரு ஹீட் பிரஸ், எழுத்து வெட்டுகிற மிஷின் ஒன்று. அவ்வளவுதான் முதலீடு. ஒரு சட்டைக்கு எழுத்து வெட்டி, ஓரம் உரித்து, சூட்டில் அழுத்தி எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளைப் பற்றி வருஷக்கணக்காக அதே சந்தேகங்கள், அதே சண்டை. வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் எந்தக் கிளப் ஆள் என்று மட்டும் கேட்காதீர்கள். கடைக்காரனுக்கு எல்லாச் சட்டையும் ஒன்றுதான்.

அண்ணே, பெரிய கிளப்புகள் பசங்களை வளக்குதா, இல்ல காசைக் குடுத்து வாங்குதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

இரண்டும். வாங்காத பெரிய கிளப் கிடையாது, அகாடமி நடத்தாத பெரிய கிளப்பும் கிடையாது. ஆனால் வளர்க்கிற பையனை எதற்காக வளர்க்கிறார்கள் என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. சிலர் ஆடவைக்க வளர்க்கிறார்கள், சிலர் விற்க வளர்க்கிறார்கள். எதற்கு வளர்த்தோம் என்பது பையன் வளர்ந்த பிறகுதான் பல கிளப்புகளுக்கே தெரிகிறது.

அகாடமின்னா என்ன? நம்ம ஊரு சம்மர் கேம்ப் மாதிரியா?

சம்மர் கேம்ப் நாம் பணம் கட்டிப் போவது. இருபது நாள் ஓடவிட்டு, கடைசியில் ஒரு சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அகாடமியில் கிளப்பே தன் செலவில் பையனை எடுத்துப் பழக்குகிறது. இங்கிலாந்தில் ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியிலிருந்தே பதிவு தொடங்கிவிடும். 16 வயதில் ஸ்காலர்ஷிப், 17-ல் முதல் தொழில்முறை ஒப்பந்தம். ஒவ்வொரு கட்டத்திலும் கழித்துக்கொண்டே வருவார்கள்.

பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த செட்டிநாட்டுக் குடும்பங்கள் ஆள் பழக்கின விதம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பையன் முதலில் பெட்டியடிப் பையன். கடையைக் கூட்டுவான், தண்ணீர் எடுத்து வைப்பான், கணக்கெழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். தேறினால் அடுத்தாள். இன்னும் தேறினால் மேலாள், கடையே அவர் பொறுப்பு. எல்லாப் பெட்டியடிப் பையனும் மேலாள் ஆகிவிடவில்லை. அகாடமியிலும் பெரும்பாலோர் பாதியில் கழிந்துபோகிறவர்கள்தான். நாம் டிவியில் பார்ப்பது மேலாள் ஆன ஒன்றிரண்டு பேரை.

எல்லோரும் வாயில் போட்டு மெல்லும் பார்சிலோனாவின் லா மாசியா, 1702-ல் கட்டிய பழைய பண்ணை வீடு. 1979-லிருந்து வெளியூர்ப் பையன்கள் தங்கிப் பழகும் விடுதியாக இருந்தது. 2011-ல் பையன்களைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பெயரும் கூடவே போய்விட்டது.

"ஹோம்க்ரோன்"னா அந்த ஊர்ல பொறந்தவன்னுதானே அர்த்தம்?

இல்லை தம்பி. இந்த ஒரு சொல்லால்தான் பாதிச் சண்டை. ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபா அமைப்பின் விதிப்படி, 15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் மூன்று சீசன், அதாவது 36 மாதம், ஒரு கிளப்பில் பதிவாகியிருந்தால் போதும். எந்த நாட்டில் பிறந்தான், அப்பா யார் என்ற கேள்வியே இல்லை. ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குக் கொடுக்கிற 25 பேர் பட்டியலில் இப்படி உள்நாட்டில் பழகியவர்கள் 8 பேர் வேண்டும். அதில் 4 பேராவது அந்தக் கிளப்பிலேயே பழகியவர்களாக இருக்க வேண்டும். ஆள் குறைந்தால் பட்டியலே அத்தனை பேர் குறையும். பெட்டியடிப் பையன்கள் மூன்று வருஷக் கணக்கில் கடல் தாண்டிப் போய் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கேயும் அதே மூன்று வருஷம் என்பது எனக்கு ஒரு வேடிக்கை.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் கணக்கு வேறு, 2010-ல் வந்தது. 25 பேரில் வெளியே பழகியவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்குள் மூன்று வருஷம் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஏதாவது ஒரு கிளப்பில் இருந்தவன் உள்ளூர்க்காரன். "ஏதாவது ஒரு கிளப்" என்பதைக் கவனியுங்கள். செஸ்க் ஃபாப்ரெகாஸ் லா மாசியாவில் வளர்ந்து 2003-ல், 16 வயதில் ஆர்சனலுக்குப் போனார். 2014-ல் செல்சி அவரை பார்சிலோனாவிடமிருந்து விலை கொடுத்து வாங்கியபோதும் இங்கிலாந்துக் கணக்கில் அவர் ஹோம்க்ரோன். 2021-ல் மான்செஸ்டர் சிட்டி 100 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கிய ஜாக் கிரீலிஷும் ஹோம்க்ரோன்தான். ஆகவே ஒரு கிளப் "எங்களிடம் இத்தனை ஹோம்க்ரோன்" என்று சொன்னால், வளர்த்தது யார், வாங்கியது யார் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பார்சிலோனால எல்லாருமே சொந்தப் பசங்கதானே அண்ணே?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். 2009 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் இறங்கிய பதினோரு பேரில் ஏழு பேர் அங்கே வளர்ந்தவர்கள்: வால்டேஸ், புயோல், பிகே, புஸ்கெட்ஸ், ஷாவி, இனியெஸ்டா, மெஸ்ஸி. 2010-ல் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருதுக்குக் கடைசி மூன்று பேராக நின்றவர்கள் மெஸ்ஸி, இனியெஸ்டா, ஷாவி. 2012 நவம்பரில் லெவான்டேக்கு எதிரான ஆட்டத்தில் டானி ஆல்வெஸ் காயம்பட்டு வெளியே போக, மொன்டோயா உள்ளே வந்தார். அந்த நிமிஷத்திலிருந்து மைதானத்தில் நின்ற பதினோரு பேரும் லா மாசியாப் பையன்கள். 4-0 ஜெயித்தார்கள்.

ஆனால் அந்த 2009 ஃபைனலில் முதல் கோல் அடித்தது யார்? ஸாமுவேல் எட்டோ. 2004-ல் மயோர்காவிலிருந்து வாங்கின ஆள். பக்கத்தில் ஆன்றி, அவரும் ஆர்சனலிலிருந்து வாங்கினது. பிகேயைக்கூடச் சின்ன வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விட்டுவிட்டு, 2008-ல் காசு கொடுத்துத்தான் திரும்பக் கூட்டிவந்தார்கள்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2017-ல் நெய்மாரை 222 மில்லியன் யூரோவுக்கு பாரிஸ் பிஎஸ்ஜி தூக்கிப்போனது. கையில் பெருந்தொகை இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகு சந்தைக்குப் போனால் என்ன ஆகும்? டெம்பெலே, கூட்டின்யோ இருவருக்கும் தலைக்கு 100 மில்லியன் யூரோவுக்கு மேல் போனது. கடன் கழுத்தை இறுக்கி, 2021-ல் மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியவில்லை. அதே 2021-ல்தான் காவி களமிறங்குகிறார். 2023 ஏப்ரலில் 15 வயது லாமின் யமால். அதற்கடுத்த சீசனில் குபார்சி. இதை லா மாசியாவின் பெருமை என்று எழுதுகிறார்கள், சரி. எனக்கு அதில் காலி கல்லாப்பெட்டியும் தெரிகிறது.

மான்செஸ்டர் யுனைடெட் "92 பசங்க" கதை உண்மையா, ரீல் விடுறாங்களா?

உண்மைதான். சொல்லும்போது பாதியை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். 1992-ல் இங்கிலாந்து அகாடமிகள் மோதும் எஃப்ஏ இளைஞர் கோப்பையை ஜெயித்த கூட்டத்திலிருந்து கிக்ஸ், பெக்கம், பட், கேரி நெவில் வந்தார்கள். ஸ்கோல்ஸும் பில் நெவிலும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள். 1995 கோடையில் மேனேஜர் ஃபெர்குசன், இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூன்று பேரையும் விற்றுவிட்டு, அவர்கள் இடத்துக்குப் பெரிய ஆள் யாரையும் வாங்கவில்லை. முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 தோல்வி. அன்று ராத்திரி டிவியில் ஆலன் ஹான்சன், பொடிப் பசங்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்றார். அந்த சீசன் முடியும்போது லீக், எஃப்ஏ கோப்பை இரண்டும் யுனைடெட்டிடம்.

விட்டுப்போன பாதி இது: அந்த எஃப்ஏ கோப்பை ஃபைனலில் லிவர்பூலுக்கு எதிராக ஒரே கோல் அடித்தது கன்டோனா. 1992-ல் லீட்ஸிலிருந்து வாங்கிய பிரெஞ்சுக்காரர். பின்னால் நின்ற கோல்கீப்பர் ஷ்மைக்கேல் டென்மார்க்கிலிருந்து வந்தவர். நடுவில் ராய் கீன், 1993-ல் 3.75 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியபோது அது பிரிட்டனில் சாதனை விலை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் தரைக்கு ஆத்தங்குடிக் கல், தூணுக்கு பர்மாத் தேக்கு. கல்லைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் தூணையும் ஒருமுறை தட்டிப் பார்க்கலாம்.

ஒன்றுக்கு மட்டும் யுனைடெட்டுக்கு சலாம் போட வேண்டும். 1937 அக்டோபரிலிருந்து அவர்களுடைய ஒவ்வொரு ஆட்டத்துக்கான அணியிலும் அகாடமியில் வளர்ந்த ஒருவராவது இருந்திருக்கிறார். 1958-ல் மியூனிக் விமான விபத்தில் எட்டு வீரர்கள் இறந்த பிறகும் அது அறுபடவில்லை.

அப்ப பசங்களை மட்டும் வச்சு யாருமே பெரிய கப் அடிச்சதில்லையா?

உள்ளூர்க்காரர்களை மட்டும் வைத்து அடித்திருக்கிறார்கள். 1967-ல் ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) ஜெயித்த ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி முழுவதும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். நம் கணக்கில் காரைக்குடியை நடுவில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை, திருப்பத்தூர், தேவகோட்டை, சிவகங்கை என்று ஒரு வட்டம் போட்டால், அதற்குள் கிடைத்த பையன்களைக் கொண்டு இத்தாலியின் இன்டர் மிலானை 2-1 தோற்கடித்த மாதிரி.

கடைசியாக அப்படி நெருங்கியது நெதர்லாந்தின் அயாக்ஸ், 1995-ல். ஏசி மிலானுக்கு எதிரான ஃபைனலில் வெற்றி கோல் அடித்த கிளைவர்ட்டுக்கு வயது 18. அதே வருஷம் டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தம் முடிந்த வீரனைக் காசு கேட்டுக் கட்டிப்போட முடியாது, ஐரோப்பிய ஒன்றியத்து நாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பும் போட முடியாது. 1996-ல் டேவிட்ஸும் ரைஸிகரும், 1997-ல் கிளைவர்ட்டும் போகார்டேயும் போனார்கள். எங்கே? அதே ஏசி மிலானுக்கு. அயாக்ஸுக்குக் கைக்கு ஒரு காசு வரவில்லை. இன்றைக்கு ஒரு செல்டிக் 1967 ஏன் வராது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த ஒரு வழக்குதான். பையன்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் முடிந்தவனைப் பிடித்து வைப்பது என்ன முறை?

பில்பாவோன்னு ஒரு டீம் வெளியாளையே எடுக்க மாட்டாங்களாமே?

ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ. பாஸ்க் பகுதியில் பிறந்தவர்கள் அல்லது அங்கே ஆடிப் பழகியவர்கள் மட்டும்தான் அவர்களுக்கு ஆடலாம். இதை வைத்துக்கொண்டே முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. ரியல் மாட்ரிட், பார்சிலோனா தவிர வேறு யாருக்கும் அந்தப் பெருமை கிடையாது. 2024-ல் ஸ்பெயின் கோப்பையை 40 வருஷம் கழித்து ஜெயித்தார்கள்.

ஆனால் அவர்களும் வாங்குவார்கள். 2018-ல் லாபோர்ட்டை சிட்டிக்குப் பெரிய விலைக்கு விற்ற கையோடு, பக்கத்து ஊர் ரியல் சோசியதாதில் இருந்த இன்யிகோ மார்ட்டினெஸை 32 மில்லியன் யூரோ கொடுத்துக் கூட்டிவந்தார்கள். நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டும்போது அதே கோயில் பங்காளிகளுக்குள் பார்ப்பது போலத்தான். வெளியே போக மாட்டார்கள். உள்ளே எடுப்பதில் தடையில்லை. இதைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கிளப் கொள்கை இதுதான். (கிளப் எது என்று கேட்கக் கூடாது என்றேனே, நானே உளறிவிட்டேன்.)

காசும் இல்லாம, அகாடமியும் இல்லாம ஜெயிக்க வழி இருக்கா?

2016-ல் பிரீமியர் லீக்கை ஜெயித்த லெஸ்டர். வார்டி 2012-ல் ஃப்ளீட்வுட் என்ற சின்ன கிளப்பிலிருந்து ஒரு மில்லியன் பவுண்டுக்கு வந்தவர். மாரெஸ், கான்டே இருவரும் பிரான்ஸிலிருந்து மலிவாக வந்தவர்கள். நல்ல கண் இருந்தால் போதும் என்று அதிலிருந்து நினைத்துக்கொள்ளாதீர்கள். கான்டே ஒரே வருஷத்தில் செல்சிக்குப் போய்விட்டார், மாரெஸ் 2018-ல் சிட்டிக்கு.

செல்சியும் சிட்டியும் சொந்தமா வளத்த பையனையே விக்கிறாங்களே, பைத்தியமா?

பைத்தியம் இல்லை, கணக்குப்பிள்ளை வேலை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பிறகு எல்லா டிரான்ஸ்ஃபர் செய்தியும் விளங்கும். ஒரு கிளப் 100 மில்லியன் கொடுத்து ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் அதை ஒரே வருஷச் செலவாக எழுத மாட்டார்கள். வருஷத்துக்கு 20, 20 என்று பிரித்து எழுதுவார்கள். இரண்டு வருஷம் கழித்துப் புத்தகத்தில் அவர் மதிப்பு 60. அன்று 60-க்கு விற்றால் லாபம் பூஜ்யம். அகாடமிப் பையனுக்கு வாங்கின விலை என்று ஒன்று இல்லை. 40-க்கு விற்றால் 40-ம் லாபம். சந்தையில் வாங்கிப் போட்ட தேங்காயை விற்றால் கொள்முதல் கழிக்க வேண்டும், கொல்லையில் காய்த்ததை விற்றால் வந்ததெல்லாம் வரவு.

இதோடு பிரீமியர் லீக் ஒரு விதி வைத்தது: மூன்று வருஷக் கணக்கில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. அகாடமிக்குச் செய்கிற செலவை அந்த நட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்றார்கள். அதாவது தென்னைக்கு ஊற்றின தண்ணீருக்கும் கணக்குக் கிடையாது. பையன்களை வளர்க்க ஊக்கம் தரவென்று வைத்த சலுகைதான். வளர்த்த பையனை விற்கவும் அதுவே ஊக்கம் தந்துவிட்டது. சிறு வயதிலிருந்து செல்சியில் இருந்த மேசன் மவுன்ட் 2023-ல் யுனைடெட்டுக்கும், கானர் கேலகர் 2024-ல் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கும் போனார்கள். அதே செல்சி 2023 ஜனவரியில் முத்ரிக்கை எட்டரை வருஷ ஒப்பந்தத்தில் வாங்கியது. நூறைப் பல வருஷத்துக்குப் பிரித்தால் ஒரு வருஷப் பங்கு சின்னதாகத் தெரியுமே! அந்த ஓட்டையை யூஃபா அந்த வருஷமே ஐந்து வருஷ வரம்பு போட்டு அடைத்தது.

இதில் என் கடைக்கே ஒரு கதை உண்டு. 2023 ஆகஸ்ட், கானாடுகாத்தானிலிருந்து ஒரு பையன் சிட்டி சட்டையோடு வந்தான். கோல் பால்மர் அந்த மாதம்தான் சூப்பர் கோப்பை ஆட்டத்தில் தலையால் முட்டி கோல் போட்டிருந்தார். "பால்மர், 80" ஒட்டிக்கொண்டு போனான். இரண்டு வாரத்தில், செப்டம்பர் 1-ம் தேதி, சிட்டி அவரை 40 மில்லியன் பவுண்டும் மேற்கொண்டு கொஞ்சமும் வாங்கிக்கொண்டு செல்சிக்குக் கொடுத்துவிட்டது. பையன் மறுநாளே வந்து நின்றான். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, துணி வைத்து அழுத்தி, ஓர் எழுத்தாக உரித்தேன். எழுத்து வந்துவிட்டது, பசைத் தடம் போகவில்லை. வெயிலில் திருப்பிப் பிடித்தால் முதுகில் பால்மர் என்று இன்னும் படிக்கலாம். அந்த சீசனில் அவர் செல்சிக்கு லீக்கில் 22 கோல் அடித்தார்.

அப்ப செல்சி அகாடமி சும்மா கண்துடைப்பா?

அகாடமி அருமையான அகாடமி. 2014-லிருந்து 2018 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து எஃப்ஏ இளைஞர் கோப்பை அவர்களுடையது. ஆனால் சீனியர் அணியில் அந்தப் பையன்களுக்கு இடம் இல்லை. கொத்துக் கொத்தாக வேறு கிளப்புகளுக்கு லோனில், அதாவது இரவலாக, போனார்கள். 2019-ல் ஆள் வாங்கக் கூடாது என்று ஃபிஃபா தடை விதித்தது. அப்போதுதான் மேனேஜர் லாம்பார்ட் மவுன்ட், ரீஸ் ஜேம்ஸ், ஏப்ரஹாம், டொமோரி என்று ஆட விட்டார். கடை பூட்டியிருக்கும் நாளில்தான் சிலருக்கு வீட்டுச் சாப்பாட்டு ருசி தெரியும். இரண்டே வருஷத்தில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மவுன்ட் தள்ளிவிட்ட பந்தில்தான் ஹாவெர்ட்ஸ் கோல் அடித்து கோப்பை வந்தது.

மேலே பார்சிலோனாவின் காலி கல்லாப்பெட்டி, யுனைடெட்டின் 1995 கோடை இரண்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வாங்க முடியாதபோதோ, வாங்க வேண்டாம் என்று ஒருவர் பிடிவாதமாக இருக்கும்போதோதான் உள்ளே இருக்கும் பையன் கண்ணில் படுகிறான். எத்தனை நாள் யோசித்தும் இதற்கு மேல் எனக்கு ஒரு சூத்திரம் கிடைக்கவில்லை.

பதினெட்டு வயசுப் பையனை 45 மில்லியனுக்கு வாங்கினா, அது வளக்கறதா வாங்கறதா?

நல்ல கேள்வி. கேட்டது பத்தாம் வகுப்புப் பையன். நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. வினிசியஸை ரியல் மாட்ரிட் பிரேசிலின் ஃப்ளமெங்கோவிடம் 45 மில்லியன் யூரோவுக்குப் பேசி முடித்தபோது அவருக்கு 16 வயது. 18 முடிந்த பிறகு 2018-ல் மாட்ரிட் வந்தார். முதல் சில வருஷம் கோல் முன்னால் போய் உதைத்து வெளியே அடித்துச் சிரிப்புக்கு ஆளானார். பொறுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பொறுமையை வளர்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். விலை கொடுத்து வளர்த்தது.

மாட்ரிட்டை எல்லோரும் வாங்குகிற கிளப் என்றே பேசுகிறோம். ஃபீகோ, ஸிடான், பிரேசில் ரொனால்டோ, பெக்கம் என்று வருஷத்துக்கு ஒருவராக வாங்கிய காலத்தில், உச்சியில் ஸிடான்கள், மற்ற இடத்துக்கு அகாடமியின் பவோன் போன்றவர்கள் என்பதுதான் தலைவர் பெரெஸ் சொன்ன திட்டம். ஸிடான்கள் வந்தார்கள், பவோன்கள் நிலைக்கவில்லை. ஆனால் 2004-ல் புதுப் பயிற்சி மைதானத்துக்கு அடிக்கல் நாட்டும்போது பெரியவர் டி ஸ்டெஃபானோ பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன் கார்வஹால். அவனை ஜெர்மனிக்கு விற்று, ஒரே வருஷத்தில் திரும்ப வாங்கி, 2024 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் முதல் கோலை அடிக்க வைத்தார்கள். அவர் வளர்த்தவரா, வாங்கினவரா? இரண்டு கட்டத்திலும் டிக் அடிக்கலாம்.

கழிச்சு விட்ட பையன் பெரிய ஆளாயிட்டா கிளப்புக்கு உறுத்தாதா?

உறுத்தும், கோப்பையே போகும். கிங்ஸ்லி கோமான் பாரிஸ்காரர், பிஎஸ்ஜி அகாடமியில் வளர்ந்தவர். 2014-ல் காசே வாங்காமல் விட்டுவிட்டார்கள். நெய்மாருக்கும் எம்பாப்பேக்கும் கோடிகளைக் கொட்டி 2020-ல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரை வந்தது பிஎஸ்ஜி. எதிரில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக். ஆட்டத்தில் விழுந்த ஒரே கோலைத் தலையால் அடித்தது கோமான், பயர்ன் சட்டையில்.

பால் போக்பாவை யுனைடெட் 2012-ல் கை நழுவவிட்டு, 2016-ல் 89 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அன்றைக்கு அதுதான் உலகச் சாதனை விலை. டெக்லன் ரைஸை 14 வயதில் செல்சி வேண்டாமென்று அனுப்ப, வெஸ்ட் ஹாம் வளர்த்து, 2023-ல் நூறு மில்லியனுக்கு மேல் வாங்கிக்கொண்டு ஆர்சனலுக்குக் கொடுத்தது. பிஎஸ்ஜியும் பிறகு மாறியது. மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே எல்லோரும் போன பிறகு 2025-ல்தான் கோப்பை கைக்கு வந்தது. ஃபைனலில் இன்டருக்கு எதிராக 5-0. இரண்டு கோல் அடித்த டுயே 19 வயது, ஆனால் ரென் கிளப்பிலிருந்து வாங்கியவர். ஐந்தாவது கோல் மயூலு, சொந்த அகாடமிப் பையன்.

எம் பையன் நல்லா ஆடுறான். வெளிநாட்டு அகாடமில சேத்துவிடுறேன்னு ஒருத்தர் சொல்றாரு, காசு கட்டலாமா?

கட்டாதீர்கள் அண்ணே. 18 வயதுக்குள் ஒரு பையன் நாடு விட்டு நாடு கிளப் மாற ஃபிஃபா அனுமதிப்பதில்லை. பெற்றோர் வேறு வேலையாக அந்த நாட்டுக்குக் குடிபோவது மாதிரிச் சில விலக்குகள்தான் உண்டு. ஐரோப்பாவுக்குள்ளேயே மாறினால் 16 போதும், அது நமக்கு உதவாது. இந்த விதியை மீறியதற்காக பார்சிலோனாவுக்கே 2014-ல் தடை விழுந்தது. நம் பெருநகரங்களில் பெரிய கிளப் பெயர் போட்டு நடக்கும் பயிற்சிப் பள்ளிகள் கட்டணப் பள்ளிகள். பயிற்சி நன்றாக இருக்கலாம், ஆனால் அது இரண்டாவது பதிலில் சொன்ன அகாடமி ஆகாது. என்னிடம் சட்டை எடுக்கும் ஒருவர் "டிரயல்" என்று நம்பி ஒரு தரகரிடம் பெருந்தொகை கொடுத்தார். தரகரின் போன் இப்போது அணைந்திருக்கிறது.

அதற்குப் பதில் பையனுக்குக் கிளப் பதிவு ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். நாடு விட்டு நாடு விலைக்குப் போகும் வீரனின் தொகையில் 5 சதவீதம், அவனை 12-லிருந்து 23 வயது வரை பழக்கிய கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. எங்கே ஆடினான் என்று ஏட்டில் இல்லாவிட்டால் வளர்த்த சின்ன கிளப்புக்குச் சல்லிக்காசு வராது.

வழி இல்லாமல் இல்லை. பக்கத்துக் கண்டனூர்க்காரர் சிவசக்தி நாராயணன் பெங்களூரு அணிக்குப் போய், 2022 டூரண்ட் கோப்பை ஃபைனலில் கோல் அடித்தார். 2022-23-ல் நம் நாட்டு லீக்கான ஐஎஸ்எல்லில் வளரும் வீரருக்கான விருதும் அவருக்குத்தான். எந்த ஐரோப்பிய அகாடமியும் அவரை வளர்க்கவில்லை.

ஒரு கிளப் நெசமாவே பசங்களை வளக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அகாடமியின் பெயரைப் பார்க்காதீர்கள், நிமிஷத்தைப் பாருங்கள். மூன்று கோல் முன்னிலையில் கடைசி ஐந்து நிமிஷம் இறக்கிவிடுவது போட்டோவுக்கு. கோப்பை தொங்கிக்கொண்டிருக்கும்போது யார் மைதானத்தில் நிற்கிறார்? 2024 பிப்ரவரியில் இங்கிலாந்து லீக் கோப்பை ஃபைனலில் மேனேஜர் கிளாப் லிவர்பூலின் பொடிப் பையன்களை இறக்கி, கூடுதல் நேரம் வரை போய், செல்சியை 1-0 ஜெயித்தார். கோல் அடித்தது வான் டைக், வாங்கினவர். அதனால் என்ன, பையன்கள் நின்றார்களே. அப்புறம் இன்னொன்று: 19-ல் அறிமுகமானவன் 24-லும் அங்கே இருக்கிறானா என்று பாருங்கள்.

ஏன்ப்பா, பேரனுக்கு யார் பேரைப் போடுறது? அடுத்த வருசமும் அங்கயே இருக்கிறவனாப் பாத்துச் சொல்லு.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்டது. ஆச்சி, அந்த உறுதி யாராலும் தர முடியாது என்றேன். லிவர்பூலிலேயே பிறந்து, ஆறு வயதில் அந்தக் கிளப்பில் சேர்ந்து, இருபது வருஷம் இருந்த அலெக்ஸாண்டர்-ஆர்னால்டே 2025-ல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். அவர் பெயர் ஒட்டின சட்டை இந்த ஊரில் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீளமான பெயர், நல்ல வரும்படி. பேரன் பெயரையே போடுங்கள், மாறாது என்றேன்.

ஆச்சி பெயரைச் சொல்லவில்லை. பையனுக்கு வைத்திருப்பது அவன் ஐயா பெயர், அதை ஆச்சி வாயால் சொல்ல மாட்டார்கள். பையன்தான் என் காதோடு சொன்னான். பன்னிரண்டு எழுத்து. எழுத்துக்கு இருபது ரூபாய் என்றதும் ஆச்சி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "வீட்டுல கூப்பிடுற பேரைப் போடு" என்றார்கள். நாலெழுத்தில் முடிந்தது.